கடல் கிழக்கே இருக்கும் நகரத்து மகளுக்கு

மகள்,

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் “பார்ப்போம்” என்று சொன்னேன். நீ, “சரி வாப்பா, வியாழக்கிழமைக்கு முதல் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்,” என்று வைத்துவிட்டாய். அந்தக் கடைசி வசனத்தை நீ மரியாதைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். டோஹாவில் ஒரு பள்ளிக்கூடம் உனக்குக் கணித ஆசிரியர் வேலை தருகிறது. அந்த வேலையை எடுத்தால் நீயும் மருமகனும் அங்கேயே நீண்ட காலம் தங்க வேண்டும். புறப்படும்போது நீ எனக்கும் உன் உம்மாவுக்கும் முன்னால் நின்று, “ரெண்டே ரெண்டு வருஷம், முடிஞ்ச உடன கற்பிட்டிக்கு வந்திருவன்,” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவள். வேலைக்குச் சம்மதித்து ஓம் சொன்னால் அந்த வாக்குப் போய்விடும். ஆகவே முடிவை என்னிடம் விட்டிருக்கிறாய். கடையில் எந்தப் பாண் வாங்குவது என்றுகூட இரண்டு தரம் யோசிக்கிற மனிதனிடம்! வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் மாற்றிப் பேசிவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உம்மா இதைப் படமெடுத்து உன் கைப்பேசிக்கு அனுப்பிவிடுவாள். பிள்ளைகளைத் தூர தேசம் அனுப்பிவிட்டு இந்தக் கரையில் என்னைப் போலவே தடுமாறுகிற வேறு பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் பதிலைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் உன்னிடம் வந்திருந்த அந்தக் குளிர்கால நாட்களைப் பற்றி எழுத வேண்டும். அவற்றை நினைக்கும்போதே எனக்கு ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. இந்த வயதில் இப்படி ஒரு பரபரப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புறப்படுவதற்கு முன் நான் எவ்வளவு பயந்தேன் என்று உம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அளப்பதுதான். வாழ்நாள் முழுவதும் அரசாங்க நில அளவையாளனாக உப்பளங்களையும் தென்னந்தோட்டங்களையும், வருடத்துக்கு வருடம் இடம் மாறுகிற உச்சமுனைத் தீவு மணலையும் அளந்தவன் நான். கணினியில் டோஹாவின் வரைபடத்தை எடுத்து, கட்டம் போட்ட கடதாசியில் அளவுப்படி வரைந்து, உன் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, வீதிகளுக்கு நிறம் தீட்டினேன். உம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டி, “மனிசன் கதிரையில இருந்தே ஊரை அளந்து முடிச்சிட்டார். இனி டிக்கெட் எடுக்கத் தேவையில்ல,” என்றாள். நான் சிரித்தேன். ஆனால் மடித்த வரைபடத்தைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

உன்னைப் பற்றிய பயம் அதைவிடப் பெரிது. புத்தளத்துக்குப் படிக்கப் போன நாட்களில் நீ பஸ்ஸில் யன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருப்பாய். இறங்கும் இடம் வருவதற்கு வெகு முன்னரே எழுந்து நின்றுவிடுவாய். நடத்துநரிடம் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு வருவாய். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. உம்மாவிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அந்த உயர்ந்த கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே நீ என்ன பாடுபடுகிறாயோ என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். விமான நிலைய வாசலில் நீ நின்ற நிற்பைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே பிடிபடவில்லை. ஒரு கையால் உம்மாவைக் கட்டிக்கொண்டு, மறுகையால் வாடகைக் காரோட்டியை நிறுத்தி, அவரிடம் அரைகுறை உருதுவில் ஏதோ சொல்லிச் சிரித்தாய். அவரும் சிரித்தார். “என்ன மகள் சொன்ன?” என்று கேட்டேன். “பெரிய பெட்டிக்குள்ள கருவாடு இரிக்கு, மெதுவா வைங்க எண்டு சொன்னன்,” என்றாய்.

உன் வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். அதைப் பற்றி அப்போது நான் எதுவும் பேசவில்லை. வரவேற்பறை மூலையில் நாடாவால் ஒட்டிய பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தன. கல்யாணத்துக்குக் கிடைத்த பீங்கான்கள் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. எங்கள் குடும்பப் படம் சுவரில் ஏறாமல் தரையில் சாய்ந்து நின்றது. உம்மா கேட்டதற்கு, “ரெண்டு வருஷத்துக்கு எதுக்கும்மா ஆணி அடிச்சு, பிறகு அதைக் கழட்டி…” என்றாய். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பிள்ளை திரும்பி வரத் தயாராகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வெளியே வந்தால் நீ வேறு ஆள். மருமகன் வேலைக்குப் போன பிறகு எங்கள் மூவரின் ஊர்வலம் தொடங்கும். மீன் சந்தைக்குக் கூட்டிப் போனாயே, அன்று உம்மாவைப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போதும் இங்கே எல்லோரிடமும் சொல்கிறேன். ஐஸின் மேல் வரிசையாகக் கிடந்த மீன்களைப் பார்த்து அவளுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கடைக்காரர் “ஹமூர், ஹமூர்” என்று கூவினார். உம்மா கிட்டப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவர் என்னத்த ஹமூர் எண்டு சொல்றார்? இது நம்மட கலவாய் மீன்தானே!” என்றாள். அந்த வங்காளத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு வங்காளம் தெரியாது. இருவரும் அவரவர் மொழியில் விலை பேசி, கோபித்து, பிரிந்து, மீண்டும் சேர்ந்து, கடைசியில் அவர் இரண்டு நண்டையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். நீ பக்கத்தில் நின்று ஒரு சொல்லும் உதவவில்லை. “உம்மா தானாப் பழகட்டும் வாப்பா,” என்று என் காதில் சொன்னாய். பறவைகள் விற்கிற பழைய சந்தையில் வல்லூறைக் கையில் வைத்திருந்த அரபிக்காரரிடம் அதன் பெயரைக் கேட்டவளும் நீதான். கரக் தேநீர்க் கடையில் இஞ்சி கூடவா குறையவா என்று அரபியில் சொல்லத் தெரிந்தவளும் நீதான். நான் உங்கள் பின்னால் வரைபடத்தை விரித்தும் மடித்தும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் ரயிலில் தவறான நிலையத்தில் இறங்கிவிட்டோம். நிலத்துக்குக் கீழே அவ்வளவு பெரிய மண்டபம். எங்கு பார்த்தாலும் ஓடுகிற படிகள். உம்மா, “வாப்பா ஒவ்வொரு படிக்கும் சலாம் சொல்லித்தான் ஏறுவார், நாம முன்னுக்குப் போவம்,” என்று கேலி செய்தாள். மேலே வந்து பார்த்தால் என் கடதாசியில் இல்லாத ஓர் இடம். புதிதாகக் கட்டிய வீதி போலும். கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “நாம இப்ப எங்க இரிக்கம் மகள்?” என்று கேட்டேன். நீ சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்கள் மின்ன, “எனக்கும் தெரியா வாப்பா. தெரிஞ்சுகொள்ளத்தானே வந்திரிக்கம், வாங்க!” என்றாய். அந்தப் பதிலை என் வாழ்க்கையில் யாருமே எனக்குச் சொன்னதில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை. தெரியாத இடத்தில் நிற்பதை ஓர் ஆபத்து என்றுதான் எப்போதும் கணக்கிட்டிருக்கிறேன். நீ அதைப் பெருநாள் பரிசு போலப் பிரித்துப் பார்த்தாய். அந்த வீதியில்தான் ஏமன் நாட்டு ரொட்டிக் கடையைக் கண்டுபிடித்தோம். அடுப்பிலிருந்து எடுத்துத் தந்த அந்தப் பெரிய ரொட்டியை உம்மா முந்தானையால் பிடித்துக்கொண்டு, நடந்தபடியே பிய்த்துப் பிய்த்து எங்களுக்குத் தந்தாள். வீட்டுக்கு வரும் வழியை மறந்துவிட்டு நானும் தின்றேன்.

இனிக் கடற்கரையில் நடந்ததற்கு வருகிறேன். நீ அதை மருமகனின் மலைநாட்டு அக்குறணைக் குடும்பம் முழுவதற்கும் சொல்லிவிட்டாய் என்று கேள்வி. பரவாயில்லை, நானே எழுதிவிடுகிறேன். அன்று நீயும் உம்மாவும் தேநீர் வாங்கப் போனீர்கள். அஸர் நேரம் வந்துவிட்டது. தொழுகைக்காகக் கைகால் கழுவிய வுளூ இருந்தது. சால்வையைப் புல்லில் விரித்தேன். எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கவே இல்லை. கற்பிட்டியில் பிறந்தவனுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நமக்குப் பெரிய கடல் மேற்கே, களப்பு கிழக்கே. கடலைப் பார்த்து நின்றால் கிப்லா, மக்கா இருக்கும் திசை, ஏறத்தாழச் சரி. நடக்கப் பழகிய நாளிலிருந்து உடம்பு அப்படித்தான் திரும்பியிருக்கிறது. கடலைக் கண்டேன், திரும்பினேன், தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். டோஹாவில் கடல் கிழக்கே இருக்கிறது. கஃபாவுக்கு முழுதாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்! வடக்குத் தெற்குப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு கிடந்தது. நம் ஊரில் அஸருக்கு நிழல் பின்னால் அல்லவா விழும்! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது ரக்அத்தில், எனக்கும் கடலுக்கும் நடுவே உயரமான ஒரு சூடானிய முதியவர் வந்து, தலை குனிந்தபடி துணியை விரித்து, என்னை நோக்கித் தக்பீர் கட்டினார். நான் குனிந்தால் அவரும் குனிகிறார். இரண்டு கிழட்டு ஆடுகள் முட்டிக்கொள்ளப் போவதுபோல் இருந்திருக்கும். அப்போதுதான் திசை பிழைத்தது உறைத்தது. தொழுகையில் சிரிக்கக்கூடாது. அழுகைதான் வந்தது.

அவர் தொழுது முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கள் என்னைத்தான் தொழுகிறீர்களோ என்று பயந்துபோனேன்,” என்றார், ஆங்கிலத்தில். நான் வெட்கத்தில் குறுகி, எங்கள் ஊரின் கடலைப் பற்றி விளக்கினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் ஊரில் சூரியன் வரும் பக்கம் பார்த்துத் தொழுவார்களாம். மகன் வீட்டுக்கு வந்த புதிதில் இவர் விடியற்காலையில் வெளுக்கிற வானத்தைப் பார்த்துத் தொழுதுகொண்டிருக்க, பேரப்பிள்ளை வந்து இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிட்டதாம். “வாருங்கள், இப்போது சரியாகத் தொழுங்கள், நான் துணைக்கு உட்கார்ந்திருக்கிறேன்,” என்றார். நான் மீண்டும் தொழுது முடித்தபோது நீங்கள் தேநீரோடு வந்துவிட்டீர்கள். கதையைக் கேட்டு உம்மா தேநீரைக் கொட்டினாள். நீ மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வாப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. நானும் வந்த முதல் கிழமை வீட்டுக்குள்ளயே கடல் பக்கம் பாத்துத்தான் தொழுதன். உங்கட மருமகன்தான் கண்டுபிடிச்சார். கடலே இல்லாத ஊர்க்காரருக்கு அது சரியாத் தெரியுது பாருங்க!” என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்று நீ அறையைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் அழுததையும், அடுத்த நாள் காலை தனியாகவே படியிறங்கி, இந்த ஊரின் திசைகளைக் கால்களுக்குப் பழக்கிவிடுவது என்று நடக்கத் தொடங்கியதையும் சொன்னாய். நாங்கள் மூவரும் அந்தச் சூடானியரும் பொழுது சாய்ந்து மஃரிப் வரை புல்லில் இருந்து கதைத்தோம். எதிர்க்கரையில் கோபுரங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றின. மகள், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த மாலைகள் அதிகம் இல்லை.

திரும்பி வந்த பிறகு நான் செய்த வேலை என்ன தெரியுமா? உன் அறைக்கு வெள்ளையடிப்பித்தேன். இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு இடம் காலியாகுமா என்று அதிபரிடம் சாடையாக விசாரித்தேன். உம்மாவின் கண்ணில் பூ விழத் தொடங்கியிருக்கிறது, எனக்கும் இரத்த அழுத்தம், பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது என்று காரணங்களை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். நேற்று நீ கேட்டபோது அவை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. தொலைபேசியை வைத்ததும் உம்மாவிடம், “ரெண்டு வருஷம் எண்டு சொல்லிட்டுத்தானே போனவ. வரச் சொல்லிடுவம், என்ன?” என்று கேட்டேன். அவள் ஓம் என்பாள் என்று நிச்சயமாக நம்பினேன். நீ போன அன்றிலிருந்து உன் தலையணை உறையைக் கழுவாமல் வைத்திருக்கிறவள் அல்லவா.

உம்மா அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். “இஞ்ச பாருங்க,” என்றாள். “யுத்த நேரம் மன்னார்ல இருந்து எங்களை விரட்டி, வள்ளத்தில வந்து இந்தக் கரையில இறங்கினமே, எங்கட வாப்பா கொட்டில்ல ஒரு ஆணி அடிக்க விட்டவரா? நாளைக்குப் போகப் போறம், நாளைக்குப் போகப் போறம் எண்டே இருந்தவர். உங்களைக் கல்யாணம் முடிச்ச பிறகும் நீங்க வாங்கித் தந்த அலுமாரியில நான் உடுப்பு வெச்சேனா? பேக்கிலதானே வெச்சிருந்தன், கட்டிலுக்குக் கீழ.” எனக்கு நினைவிருந்தது. புதுப் பெண்டாட்டிக்கு அலுமாரி பிடிக்கவில்லையாக்கும் என்று நான் அப்போது மனம் நொந்திருந்தேன். “இஞ்ச இருந்து தலவில கடற்கரை எவ்வளவு தூரம்? பஸ்ஸில ஏறினா இறங்க வேண்டியதுதான். நம்மட மகளை வயித்தில சுமந்து கொண்டிருக்கக்குள்ளதானே நான் முதல் தரம் போய்ப் பாத்தனான். அவ்வளவு காலமும் இந்த ஊர்ல இருந்துகொண்டு இந்த ஊரைப் பாக்காமலே இருந்தனான். எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல, புள்ள, நீ இஞ்ச இருக்கலாம், இரு எண்டு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவ அங்க ரோட்டையெல்லாம் உள்ளங்கை மாதிரி வெச்சிருக்கிறா. ஆனா பீங்கான் பெட்டிக்குள்ள இரிக்கு. எங்களுக்குச் சொன்ன சொல்லுக்காகத்தான் அது பெட்டிக்குள்ள இரிக்கு. நீங்க ஒரு நாளாவது ஒண்டுக்கு ஓம் எண்டு சொல்லுங்களன்.”

அந்தப் பெட்டிகளைப் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன். உம்மா அதே பெட்டிகளைப் பார்த்துத் தன் கட்டிலுக்கடியில் கிடந்த பையை நினைத்திருக்கிறாள். அவளை யாரோ துரத்தினார்கள், உன்னை யாரும் துரத்தவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனாலும் பாதிக் காலை ஊன்றி நிற்பது எப்படி இருக்கும் என்று அறிந்தவள் இந்த வீட்டில் அவள்தான். அவள் சொன்னதை நான் முழு இரவும் புரட்டிப் பார்த்தேன். தவறு எதுவும் தென்படவில்லை.

ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ தந்த வாக்கை நானும் உம்மாவும் மனமார உன்னிடமே திருப்பித் தருகிறோம். நீ அதை மீறியதாக இந்த உலகத்திலோ மறுமையிலோ எங்களிடம் கணக்கு இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓம் என்று சொல்லு. வியாழன் வரை காத்திருக்காதே, நாளைக் காலையிலேயே சொல்லு. எனக்கு மனம் மாறுவதற்கு இடம் வைக்காதே. படத்தைச் சுவரில் மாட்டு. பீங்கானை வெளியே எடு, இரண்டு மூன்று உடைந்தால் உடையட்டும். நம்மவர்களோடு மட்டும் பழகாதே. அந்த ரொட்டிக் கடைக்காரரின் மனைவியையும், மாடிப்படியில் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பிலிப்பீன்ஸ் பெண்ணையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. அரபியை ஒழுங்காகப் படி, சந்தை அரபி போதாது. உன் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேர் உன்னைப் போலவே எங்கிருந்தோ வந்து திசை தெரியாமல் நிற்பவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு உனக்கு விடை தெரியாவிட்டால், அந்த நிலையத்து வாசலில் எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொல்லு. மருமகனிடம் வேலை விஷயத்தை இன்னும் மனம்விட்டுப் பேசவில்லை என்றால் இன்றைக்கே பேசு. அவர் மறுக்கமாட்டார். அவரைப் பற்றி நான் தேவைக்கு மேல் விசாரித்துத்தானே கட்டி வைத்தேன்.

எங்களைப் பற்றிப் பயப்படாதே. உம்மாவின் கண்ணுக்குப் புத்தளத்தில் நாள் எடுத்துவிட்டோம். வெள்ளையடித்த உன் அறை வீண்போகாது. நீ விடுமுறைக்கு வரும்போது சுத்தமாக இருக்கும். நீ இல்லாத வீடு எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்த வெறுமையை நான் தாங்கிக்கொள்வேன். அதற்காக உன்னைத் திருப்பி அழைக்கமாட்டேன். இப்போது உம்மா பக்கத்தில் வந்து நின்று, எழுதி முடிந்ததா, படமெடுக்கட்டா என்று கேட்கிறாள். முதலில் தான் வாசிக்க வேண்டுமாம். வாசித்துவிட்டு, “இவ்வளவு நீட்டி எழுதினதுக்கு ஓம் எண்டு ஒரு சொல் எழுதியிருந்தாக் காணாதா?” என்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அடுத்த குளிர்காலத்துக்கு நாங்கள் வருகிறோம். நீ பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருப்பாய், எங்களைக் கூட்டிக்கொண்டு திரிய உனக்கு நேரம் கிடைக்காது. தேவையும் இல்லை. சாவியை மட்டும் எங்களிடம் தந்துவிட்டுப் போ. நீ இன்னும் பார்க்காத ஒரு பகுதியை நானும் உம்மாவும் தனியாகப் போய்ப் பார்த்து வைக்கிறோம். பின்னேரம் நீ வேலை முடிந்து வந்ததும், உன்னை அங்கே கூட்டிப் போய்க் காட்டுவோம்.

உன் வாப்பா